சோயா மொச்சையும் பவானிக் குடியானவர்களும்

பவானி நகரிலிருந்து காவேரிப் பாலத்தைக் கடந்தால் குமாரபாளையம். அங்கே நாமக்கல் ஜில்லா ஆரம்பமாகிவிடுகிறது. அந்த ஜில்லாவின் கோழிப்பண்ணைகள் தேசமெங்கும் பெயர் பெற்றவை. கோழி முட்டையிட வேண்டுமானால் மக்காச்சோளம் மட்டும் போதாது. புரதச் சத்தும் வேண்டும். அந்தச் சத்தைத் தருவதில் முதன்மையானது சோயாப் பிண்ணாக்கு. அதில் பெரும் பகுதி மத்தியப் பிரதேசத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம் கடந்து வந்து சேருகிறது. 2021-ம் வருஷத்தில் தீவன விலை கட்டுக்கடங்காமல் ஏறியபோது, அயல்நாடுகளிலிருந்து 12 லட்சம் டன் சோயாப் பிண்ணாக்கை இறக்குமதி செய்துகொள்ள இந்திய சர்க்கார் அனுமதி அளிக்க நேர்ந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பிண்ணாக்கின் கதை இதுவென்றால், எண்ணெயின் கதை இதைவிட வருந்தத்தக்கது. நம் தேசம் வருஷமொன்றுக்கு ஏறத்தாழ 160 லட்சம் டன் சமையல் எண்ணெயை வெளியிலிருந்து வாங்குகிறது. நமது தேவையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு இது. பனை எண்ணெய் இந்தோனேஷியாவிலிருந்தும் மலேஷியாவிலிருந்தும் வருகிறது. சோயா எண்ணெய் அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் கடல் கடந்து வருகிறது. ஜமக்காளத்துக்குப் பேர்போன பவானியில் சுதேசியத்தின் பெருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. உடுக்கும் துணியில் நம் முன்னோர் காட்டிய அக்கறையை வாணலியில் ஊற்றும் எண்ணெயிலும் நாம் காட்டியாக வேண்டும் என்பதே நமது வாதம்.

ஆனால் தேசபக்தியை மட்டும் நம்பி எந்தக் குடியானவனும் விதை விதைக்க இயலாது. நஷ்டம் நேர்ந்தால் மேடையில் பிரசங்கம் செய்தவர் கடனை அடைக்கப் போவதில்லை. விதைத்தவனே அடைக்க வேண்டும். ஆகவே, பவானி வட்டாரத்தில் சோயா மொச்சையை லாபகரமாகப் பயிரிட முடியுமா, முடியுமென்றால் எந்தெந்த நிபந்தனைகளின் பேரில் முடியும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்நியப் பயிரா?

சோயா மொச்சை சீன தேசத்துப் பயிர். நம் மண்ணுக்கு ஒத்துவராது என்று சிலர் கூறுவதுண்டு. நிலக்கடலையும் மக்காச்சோளமும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. இருபதாம் நூற்றாண்டின் துவக்கத்தில் நம் மாகாணத்துக்கு வந்த கம்போடியாப் பருத்திதான் கோயமுத்தூர் ஜில்லாவின் தோட்டங்களில் பரவி நமது ஆலைகளுக்குப் பஞ்சு கொடுத்தது. எந்தப் பயிர் எங்கே பிறந்தது என்பது குடியானவனுக்கு ஒரு பொருட்டன்று. அது தன் நிலத்தில், தன் தண்ணீரில், தன் செலவுக்கு மேல் விளையுமா என்பதே அவனது கேள்வி.

இந்தப் பயிரைப் பற்றிய எண்ணம் நம் தேசத் தலைவர்களுக்குப் புதியதுமன்று. 1935-ம் வருஷத்தில் வார்தாவிலுள்ள மகன்வாடியில் காந்தியடிகள் சோயா மொச்சையைத் தம் சகாக்களின் உணவில் சேர்த்துப் பரிசோதனை நடத்தி, அதைப் பற்றி ‘ஹரிஜன்’ பத்திரிகையிலும் எழுதினார். ஏழை மக்களுக்கு மலிவான புரதம் எங்கிருந்து கிடைக்கும் என்பதே அவருடைய கவலை. அதே காலத்தில் பரோடா சமஸ்தானத்தாரும் இப்பயிரில் ஊக்கம் காட்டினர். எனினும், பெரும் அளவில் சாகுபடி ஆரம்பமானது 1960-க்குப் பின்னரே. பந்த்நகர் விவசாயப் பல்கலைக்கழகமும் ஜபல்பூர் விவசாயப் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்போடு ரகங்களைப் பரிசோதித்தன. 1967-ல் அகில இந்திய ஆராய்ச்சித் திட்டம் துவங்கியது. 1987-ல் இந்தூரில் தேசிய ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. இன்று தேசத்தில் 120 லட்சம் ஹெக்டேருக்குக் குறையாமல் சோயா மொச்சை விளைகிறது.

மாளவ தேசத்தில் இப்பயிர் வேரூன்றியதன் ரகசியத்தை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அங்கே மழைக்காலத்தில் கரிசல் நிலத்தைத் தரிசாகப் போட்டுவைத்து, மழை நின்ற பின் கோதுமையோ கொண்டைக்கடலையோ விதைப்பது பழைய வழக்கம். சோயா மொச்சை அந்தக் காலியான பருவத்தில் நுழைந்தது. இருந்த பயிரை விரட்டாமல் காலியாயிருந்த இடத்தில் அமர்ந்தபடியால் குடியானவன் அதை வரவேற்றான். விளைச்சல் பெருகியதும் அருகிலேயே எண்ணெய் பிழியும் ஆலைகள் தோன்றின. ஆக, காலியான பருவம் ஒன்று, வாங்கும் ஆலை ஒன்று: இவ்விரண்டும் கூடிய இடத்தில்தான் இப்பயிர் நிலைத்தது. தமிழ்நாட்டில் இதன் பரப்பு இன்றளவும் மிகச் சொற்பமாயிருப்பதை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

எந்த நிலத்தில், எந்தப் பருவத்தில்?

பவானி வட்டாரத்தில் அத்தகைய காலியிடம் உண்டா? காலிங்கராயன் வாய்க்கால் பாயும் நிலங்களில் மஞ்சளும் கரும்பும் வாழையும் நெல்லும் வேரூன்றி நிற்கின்றன. மஞ்சளைப் பிடுங்கிவிட்டு சோயாவை விதைக்கச் சொல்வது புத்திசாலித்தனமாகாது. ஆனால் கீழ்பவானி ஆயக்கட்டின் நிலைமை வேறு.

1948-ல் துவங்கி 1955-ல் முடிவடைந்த பவானிசாகர் அணையின் பெரிய வாய்க்கால் 2,07,000 ஏக்கருக்குப் பாசனம் அளிப்பது. அதில் ஒரு பாதிக்கு ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை நஞ்சைப் பாசனம். மறு பாதிக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை புஞ்சைப் பாசனம். ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று பிரித்து வருஷந்தோறும் மாற்றி மாற்றி விடுகிறார்கள். கவுந்தப்பாடிப் பக்கத்துக் குடியானவர்கள் இந்த முறையை நன்கு அறிவார்கள். புஞ்சைப் பருவத்தில் தண்ணீர் தொடர்ந்து வராது. சில நாள் திறப்பும் சில நாள் நிறுத்தமுமாக வரும். இந்தத் தண்ணீரில் நிலக்கடலை, எள், மக்காச்சோளம் முதலியவற்றைப் பயிரிடுகிறார்கள். 80 முதல் 90 நாட்களில் முடிந்துவிடும் சோயா மொச்சைக்கு இங்கே இடமுண்டு. ஒரே வயலில் புஞ்சை முறைதோறும் கடலையையே விதைத்து நோய் மிகுந்துவிட்டதென்று கவலைப்படுபவருக்கு மாற்றுப் பயிர் ஒன்று கிடைக்கும்.

இரண்டாவது இடம் கரும்புத் தோட்டம். கரும்பு நட்ட மூன்றாம் நாளில் பாரின் நடுவில் உளுந்தையோ சோயா மொச்சையையோ ஊடுபயிராக விதைக்கலாம் என்பது கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசு. கரும்பு மெதுவாக வளரும் முதல் மூன்று மாதங்களில் பாரின் நடு இடம் வெயிலுக்கும் களைக்கும்தான் பயன்படுகிறது. வெல்லத்துக்குப் பெயர் பெற்ற கவுந்தப்பாடி வட்டாரத்தில் இதைப் பரீட்சித்துப் பார்க்கத் தனி நிலம் தேடவேண்டியதில்லை.

மூன்றாவது, கிணற்றுப் பாசனமுள்ள செம்மண் தோட்டம். இங்கே ஆனிக் கடைசியில் விதைத்துப் புரட்டாசியில் அறுவடை முடித்துவிட வேண்டும். பிந்தினால் ஐப்பசி மழை களத்தில் இறங்கும். முற்றிய சோயாவுக்கு மழையைப் போன்ற சத்துரு வேறில்லை. எந்தப் பருவமாயினும், தண்ணீர் தேங்கும் நிலமும் களர் நிலமும் இப்பயிருக்கு உதவா.

விதையின் சூட்சுமம்

விளைச்சல் குறைவதற்கு முதற் காரணம் விதையே. சோயா மொச்சையின் தோல் மிக மெல்லியது. உள்ளே எண்ணெய்ச் சத்து அதிகம். ஆதலின் உளுந்து, துவரையைப்போல இதைக் குதிரில் போட்டுவைத்து அடுத்த வருஷம் விதைக்கலாம் என்று எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும். கோடை வெப்பத்தில் சில மாதங்களிலேயே முளைக்கும் சக்தி குன்றிவிடும். மூட்டையை லாரியிலிருந்து தொப்பென்று தரையில் எறிந்தாலும் விதைக்குள் அடிபட்டு முளை கெடும். சர்க்கார் சான்று பெற்ற விதைக்கே சட்டம் விதித்துள்ள முளைப்பு நூற்றுக்கு 70தான்; அதாவது நூறு விதையில் முப்பது முளைக்காமற் போனாலும் அது நல்ல விதையென்றே கணக்கு. ஆகவே விதைப்பதற்கு ஒரு வாரம் முன்னதாக நூறு விதைகளை எண்ணி, ஈரச் சாக்கில் பரப்பிச் சுருட்டிவைத்து, ஐந்தாறு நாள் கழித்து எண்ணிப் பாருங்கள். எழுபதுக்குக் குறைந்தால் அந்த விதையைத் தொடாதீர்கள்.

ஏக்கருக்கு 32 கிலோ விதை தேவை. வரிசைக்கு வரிசை ஓர் அடி, செடிக்குச் செடி இரண்டு அங்குலம் என்று விதைத்தால், ஏக்கருக்குச் சுமார் 2,61,000 குழிகள். நூறு விதை 12 கிராம் எடையுள்ளதாக வைத்துக்கொண்டால், 32 கிலோவில் ஏறக்குறைய அத்தனை விதைகளே இருக்கும். குழிக்கு ஒரு விதை என்ற இந்தக் கணக்கில், முளைக்காத ஒவ்வொரு விதையும் ஓர் இடத்தைக் காலியாக்குகிறது. அந்த இடத்தில் களை வளர்கிறது. ஓர் அங்குலத்துக்கு மேல் ஆழமாகவும் விதைக்கலாகாது. செம்மண் மேலே இறுகிவிட்டால் பருத்த பருப்பிலைகள் வெளிவர முடியாமல் உள்ளேயே ஒடிந்துபோகும்.

ரகத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சோயா மொச்சை பகற்பொழுதின் நீளத்தை அளந்து பூக்கும் பயிர். நீண்ட பகலுள்ள வட பிரதேசத்துக்கென்று உண்டாக்கிய ரகத்தை இங்கே கொண்டுவந்து விதைத்தால், வளருமுன்னரே பூத்துக் குட்டையாக நின்றுவிடக்கூடும். ஆகவே கோயமுத்தூரில் தெரிந்தெடுத்து வெளியிட்ட கோ 1, கோ 2, கோ 3 போன்ற ரகங்களையே முதலில் நாடவேண்டும்.

வேரில் இருக்கும் உரக் கிடங்கு

இனி உரத்தின் கணக்கைப் பார்ப்போம். சோயா மணியில் நூற்றுக்கு 40 பங்கு புரதம். இதைத் தழைச்சத்தாகக் கணக்கிட்டால் நூறு கிலோ மணியில் சுமார் 6.4 கிலோ இருக்கும். ஏக்கருக்கு 7 குவிண்டால் விளைந்தால், மணியின் வழியாக மாத்திரம் 45 கிலோ தழைச்சத்து நிலத்தைவிட்டு வெளியேறுகிறது. இதை யூரியாவாகப் போடுவதானால் 98 கிலோ, அதாவது இரண்டு மூட்டைக்கு மேல் வேண்டும். ஆனால் சிபாரிசு செய்திருக்கும் தழைச்சத்தோ ஏக்கருக்கு 8 கிலோதான். மிச்சம் எங்கிருந்து வருகிறது? பெரும் பகுதி காற்றிலிருந்து வருகிறது; அதைக் கொண்டுவந்து கொடுப்பவை வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர்கள்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். நிலக்கடலைக்கும் உளுந்துக்கும் உதவும் நுண்ணுயிர்கள் நம் மண்ணில் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. சோயாவுக்கு வேண்டிய இனம் வேறு. சோயாவையே காணாத நிலத்தில் அது பெரும்பாலும் இராது. ஆதலின் சோயா மொச்சைக்கென்றே தயாரித்த ரைசோபியத்தைப் பொட்டலத்தில் குறித்த அளவில், ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையின்மேல் பூசி, நிழலில் உலர்த்தி உடனே விதைக்க வேண்டும். கடலைக்கு வாங்கிய பொட்டலம் இதற்கு உதவாது. பூசணக்கொல்லி மருந்து கலப்பதானால் ஒரு நாள் முன்னதாகக் கலந்துவிட வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் மருந்து நுண்ணுயிரையே கொன்றுவிடும். சில ரூபாயில் முடியும் இந்த வேலையைச் செய்யாமல் விட்டதனால் பாதி விளைச்சலை இழந்தவர்கள் அநேகர்.

முப்பத்தைந்தாம் நாளில் வயலின் பல இடங்களிலிருந்து பத்துச் செடிகளை மண்ணோடு பெயர்த்தெடுத்து வேரைக் கழுவிப் பாருங்கள். முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இரத்தச் சிவப்பாயிருக்க வேண்டும். அப்படியிருந்தால் உரத் தொழிற்சாலை நடக்கிறதென்று அர்த்தம். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால், அல்லது முடிச்சே இல்லாமலிருந்தால், நடக்கவில்லை. அப்போது மட்டும் யூரியா கொடுத்துப் பயிரைக் காப்பாற்றலாம். தொடக்கத்திலேயே யூரியாவை அள்ளி வீசினால் செடி சோம்பேறியாகி முடிச்சு வைக்காது. தழை செழித்து வளரும்; காய் குறையும்.

மணிச்சத்து 32 கிலோவும் சாம்பல் சத்து 16 கிலோவும் ஏக்கருக்கு அடியுரமாக வேண்டும். எண்ணெய்வித்துப் பயிராதலால் 16 கிலோ கந்தகமும் அவசியம். மணிச்சத்தை 200 கிலோ சூப்பர் பாஸ்பேட்டாகப் போட்டால், அதிலுள்ள கந்தகமே இத்தேவையை நிறைவேற்றிவிடும். டி.ஏ.பி.யாகப் போடுபவர்கள் ஜிப்சத்தைத் தனியே வாங்க வேண்டியிருக்கும். எது மலிவென்று கடையில் விலை விசாரித்த பிறகே முடிவு செய்யட்டும்.

சோயா விதைத்தால் நிலம் வளமாகும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். மேற்சொன்ன கணக்கின்படி, தழைச்சத்தின் பெரும் பங்கு மணியோடு போய்விடுவதால், இது பாதி உண்மையே. உதிர்ந்த இலையும் வேரும் நிலத்தில் தங்கினால்தான் அடுத்த பயிருக்கு ஆதாயம். ஆகவே செடியைப் பிடுங்காமல் அடியோடு அறுக்க வேண்டும்.

நீரும் களையும் பூச்சியும்

விதைத்தவுடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர், பிறகு மண்ணைப் பார்த்து ஏழு முதல் பதினைந்து நாளுக்கொரு முறை. பூக்கும் தருணத்திலும் காயில் மணி பிடிக்கும் தருணத்திலும் வாட்டம் தட்டக்கூடாது. கீழ்பவானிப் புஞ்சையில் இதற்கொரு முன்யோசனை வேண்டும். விதைத்த முப்பத்தைந்து, நாற்பது நாளில் பூவும், அறுபது நாளை ஒட்டி மணி பிடிப்பும் வரும். மதகு திறக்கும் தேதிகளை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அந்த இரண்டு தருணங்களிலும் வாய்க்காலில் தண்ணீர் ஓடும்படியாக விதைப்பு நாளைத் தீர்மானிக்க வேண்டும். கிணற்றுத் துணை இல்லாதவர் இந்தக் கணக்கைப் போடாமல் விதைப்பது சூதாட்டமேயாகும்.

முதல் நாற்பது நாள் களையில்லாமல் காத்தால் பிறகு செடியே நிழலிட்டுக் களையை அடக்கிக்கொள்ளும். இருபதாம் நாளும் முப்பத்தைந்தாம் நாளும் இரண்டு களையெடுப்பு அவசியம். கூலி கொடுத்துக் கட்டாது என்று இரண்டாவது களையெடுப்பை விட்டுவிடுபவர்கள், மிச்சம் பிடித்த கூலியைப்போல் இரண்டு பங்கைக் களத்தில் இழக்கிறார்கள்.

பூச்சிகளில் முக்கியமானது புரோடீனியாப் புழு. இது இலையின் அடியில் கும்பலாக முட்டையிடும். அந்த இலையைக் கிள்ளி அழித்தால் நூற்றுக்கணக்கான புழுக்கள் ஒரேயடியாக ஒழியும். வயலோரத்தில் ஆமணக்கு நட்டால் முதலில் அதில்தான் முட்டையிடும். மஞ்சள் தோட்டத்தோரம் ஆமணக்கு நடும் பழக்கமுள்ள நம்மவர்களுக்கு இது புது யோசனையன்று. கோடைப் பயிரில் வெள்ளை ஈ மஞ்சள் தேமல் நோயைப் பரப்பும். நோய் கண்ட முதற் செடிகளை உடனே பிடுங்கி அழிப்பதிலும், மஞ்சள் ஒட்டுப்பொறி வைப்பதிலும் சுணக்கம் கூடாது. வயலைத் தினமும் ஒருமுறை சுற்றிவரும் பண்ணாடிக்கு மருந்துச் செலவு பாதிதான்.

இலைகள் மஞ்சளித்து உதிர்ந்து, காய்கள் பழுப்பேறியதும் தாமதியாமல் அறுக்க வேண்டும். பிந்தினால் காய் வெடித்து மணி மண்ணில் சிதறும். மணியின் ஈரம் நூற்றுக்கு 12-க்கு மேற்படலாகாது என்பது சர்க்கார் கொள்முதலின் விதி. 2024-ல் வடநாட்டில் மழையினால் விளைச்சல் நனைந்து, 15 வரை அனுமதிக்கும்படி சர்க்காரை வேண்டிப் பெற நேர்ந்தது. அத்தகைய தயவை எதிர்பாராமல் களத்திலேயே உலர்த்திவிடுவது மேல்.

லாப நஷ்டக் கணக்கு

2025-26-ம் வருஷத்துக்கு இந்திய சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 5,328 ரூபாய். நம் தேசத்தின் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு ஒரு டன், அதாவது ஏக்கருக்கு 4 குவிண்டால். இந்த விலையில் அதன் மதிப்பு 21,312 ரூபாய். பாசனத்தில் ஒழுங்காகச் செய்தால் 7 குவிண்டால் எடுப்பது அசாத்தியமன்று. அதன் மதிப்பு 37,296 ரூபாய். வித்தியாசம் 15,984 ரூபாய். உழவும் விதையும் உரமும் இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே செலவு. நல்ல விதை, ரைசோபியம், இரண்டாவது களையெடுப்பு, தருணத்தில் ஒரு தண்ணீர் ஆகியவைதான் அந்த மூன்று குவிண்டாலைக் கொடுக்கின்றன. இப்பயிரின் லாபம் முழுவதும் அந்த மூன்று குவிண்டாலுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. நான்கு குவிண்டாலோடு நின்றவன் கூலியைக் கழித்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவான்.

ஆனால் ஆதரவு விலை என்பது காகிதத்திலுள்ள விலை. 2024-ல் அது 4,892 ரூபாயாக இருந்தபோது, மத்தியப் பிரதேசத்துச் சந்தைகளில் அதற்குக் கீழே விற்கும்படியாகிக் குடியானவர்கள் கிளர்ச்சி செய்தார்கள். சோயாவின் தாயகம்போல் விளங்கும் ராஜ்யத்திலேயே அப்படியானால், வாங்குவோரே இல்லாத பவானியில் ஒற்றை மூட்டையை எடுத்துக்கொண்டு போகிறவன் கதி என்ன? உளுந்தைப்போல மளிகைக் கடையில் விற்கும் சரக்கல்ல இது. நூறு கிலோவைப் பிழிந்தால் சுமார் 18 கிலோ எண்ணெயும் 80 கிலோ பிண்ணாக்கும் கிடைக்கும். பிழிய ஆலை வேண்டும். பச்சை மணியைக் கோழிக்கும் கொடுக்கலாகாது, மனிதரும் உண்ணலாகாது. ஜீரணத்தைத் தடுக்கும் ஒரு பொருள் அதில் உண்டு. வேகவைத்தாலோ வறுத்தாலோதான் அது நீங்கும். ஆகவே விதைக்கும் முன்னரே விற்கும் வழியைத் தேடிக்கொள்ள வேண்டும்.

அந்த வழி நம் எதிரிலேயே இருக்கிறது. காவேரிக்கு அக்கரையிலுள்ள தீவன ஆலைகள் பிண்ணாக்கை மட்டுமின்றி வறுத்த முழுச் சோயாவையும் தீவனத்தில் சேர்க்கக்கூடியவை. ஆனால் அவை லாரிக் கணக்கில்தான் பேசும். பத்து டன் லாரி ஒன்றை நிரப்ப 100 குவிண்டால் வேண்டும். ஏக்கருக்கு 7 குவிண்டால் வீதம் பதினைந்து ஏக்கர் இருந்தால் போதும். ஆளுக்கு ஓர் ஏக்கராகப் பதினைந்து குடியானவர்கள், ஒரே ரகத்தை, ஒரே வாரத்தில் விதைத்து, ஒன்றாக உலர்த்தி, ஒரே சரக்காகப் பேரம் பேச வேண்டும். தனி மனிதனால் ஆகாதது ஒரு சிற்றூருக்கு எளிது.

ஊழியர்கள் செய்ய வேண்டியது

இக்கட்டுரையைப் படிக்கும் தேச ஊழியர்களுக்கு நமது விண்ணப்பம் இதுதான். நூறு கூட்டங்களில் இறக்குமதியைக் கண்டித்துப் பேசுவதைவிட, ஒரு கிராமத்தில் பதினைந்து ஏக்கரை ஒன்று சேர்ப்பது பெரிய காரியம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ கூட்டுறவுச் சங்கமோ இருக்கும் ஊர்களில் அதன் வழியாகவே இதைச் செய்யலாம். விதையையும் ரைசோபியத்தையும் கோயமுத்தூரிலிருந்து மொத்தமாக வரவழைத்துக் கொடுங்கள். விதைப்புக்கு முன்பே தீவன ஆலையோடு எழுத்து மூலமாக ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். மைலம்பாடி, பூதப்பாடி, அந்தியூர், கவுந்தப்பாடி ஆகிய இடங்களில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் இருக்கின்றன. களமும் எடைமேடையும் அங்கே தயார்.

சர்க்காரிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. விலை ஆதரவுத் திட்டத்தின்கீழ் நமது ராஜ்யத்தில் உளுந்தும் பச்சைப்பயறும் கொப்பரையும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களின் வழியாகக் கொள்முதல் செய்யப்பட்டிருக்கின்றன. சோயா மொச்சையும் அத்திட்டத்துக்கு உட்பட்ட பயிரே. விளையும் இடத்தில் அதற்கும் கொள்முதல் நடத்தும்படி ராஜ்ய சர்க்கார் கேட்கவேண்டும். ஆலைக்காரர் விலையை அமுக்கும்போது பின்வாசல் ஒன்று திறந்திருந்தால்தான் குடியானவனுக்குப் பேரம் பேச வலு உண்டாகும். சரக்கு விளைந்த பிறகு கேட்டால் காலங்கடந்துவிடும். விதைக்கும் போதே மனுவை அனுப்ப வேண்டும்.

குடியானவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் வருஷம் யாரும் ஓர் ஏக்கருக்கு மேல் விதைக்க வேண்டாம். கடலையையும் எள்ளையும் அடியோடு கைவிடவும் வேண்டாம். ஓர் ஏக்கரில் ஆன செலவையும் வந்த வரவையும், களையெடுத்த கூலி முதல் சாக்கு விலை வரை, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பதினைந்து பேரும் அறுவடை முடிந்ததும் அந்த நோட்டுகளை ஒன்றாக வைத்துப் பாருங்கள். அந்தக் கணக்கு லாபம் என்று சொன்னால் அடுத்த புஞ்சை முறைக்குப் பரப்பைக் கூட்டலாம்; நஷ்டம் என்று சொன்னால், இக்கட்டுரையில் எந்த இடத்தில் பிசகு என்று எங்களுக்கு எழுதுங்கள். அதையும் இதே பக்கத்தில் பிரசுரிப்பது எங்கள் கடமை.